மூச்சுக்குழாய் உயர்ந்தால் போதுமா?

ஆறு டன் எடையுள்ள ராணுவ லாரி ஒன்றை முடக்கிப்போட 60 மில்லி தண்ணீர் போதும். டீக்கடைக் கண்ணாடி டம்ளரில் பாதிதான். டயர் மூழ்கலாம், சேஸ் மூழ்கலாம், லாரிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அந்த 60 மில்லி என்ஜினின் ஏதாவது ஒரு சிலிண்டருக்குள் போய்விட்டால் கதை முடிந்தது.

கணக்கைப் பார்த்துவிடலாம். அமெரிக்க ராணுவம் பல பத்தாண்டுகள் ஓட்டிய எம்35ஏ2 லாரியின் என்ஜினுக்கு ஆறு சிலிண்டர்கள், மொத்தக் கொள்ளளவு 7.8 லிட்டர். ஒரு சிலிண்டருக்கு 1.3 லிட்டர் விழுகிறது. டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது. உள்ளே இழுத்த காற்றை 20 மடங்குக்கு மேல் இறுக்கி, அப்போது எழும் சூட்டிலேயே டீசலைப் பற்ற வைக்கிறது. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது 1.3 லிட்டர் காற்றும் 60 சொச்சம் மில்லி இடத்துக்குள் அடைபட்டுவிடும். காற்று என்பதால் அடைபடுகிறது. அதே இடத்தில் தண்ணீர் நின்றால் இறுக மறுக்கும். பிஸ்டன் மேலே போக முடியாது; ஆனால் மற்ற ஐந்து சிலிண்டர்களும் கனத்த ஃப்ளைவீலும் சேர்ந்து அதை மேலே தள்ளிக்கொண்டேயிருக்கும். நடுவில் மாட்டிக்கொண்ட கனெக்டிங் ராடு வளைந்து போகும், சில நேரம் முறிந்து என்ஜின் பிளாக்கையே குத்திக் கிழிக்கும். மெக்கானிக்குகள் இதை ஹைட்ராலிக் லாக் என்பார்கள்.

வெள்ளத்தில் லாரி ஓட்டத் தயாராகிறவர்களின் முதல் கவலை இந்த 60 மில்லிதான். அதில் தவறில்லை. கவலை அதோடு நின்றுவிடுவதில்தான் ஆபத்து இருக்கிறது.

ஏலத்தில் வந்த லாரிகள்

எம்35 வகை லாரிகளை அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இருந்த ரியோ மோட்டார்ஸ் நிறுவனம் 1950 வாக்கில் செய்யத் தொடங்கியது. சாலையில்லாத தரையில் இரண்டரை டன் சுமக்கும் என்பது ராணுவக் கணக்கு. அதனால் 'டியூஸ் அண்ட் எ ஹாஃப்' என்ற செல்லப்பெயர் ஒட்டிக்கொண்டது. 1990களில் இதன் இடத்துக்கு எல்எம்டிவி என்ற புதிய லாரி வந்தது. ஆஸ்திரியாவின் ஷ்டையர் லாரியை அடிப்படையாக வைத்து டெக்சாஸ் மாநிலத்தில் தயாரானது அது. வேலை முடிந்த வண்டிகளை அமெரிக்க ராணுவம் ஏலத்தில் கழித்துவிடுகிறது. தனியாட்கள் வாங்குகிறார்கள். உள்ளூர் போலீஸ் துறைகளுக்கும் தீயணைப்பு நிலையங்களுக்கும் உபரி வண்டிகள் போய்ச் சேர அரசுத் திட்டங்களே உண்டு.

2017 ஆகஸ்ட் 25 அன்று ஹார்வி புயல் டெக்சாஸ் கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் அங்கேயே சுற்றிக்கொண்டு கொட்டித் தீர்த்தது. நீடர்லாண்ட் என்ற ஊரில் பதிவான மழை 1,500 மில்லிமீட்டரைத் தாண்டியது. ஹூஸ்டன் நகரின் குடியிருப்புத் தெருக்களில் கார் போக முடியவில்லை. பல இடங்களில் ஆழம் போதாமல் படகும் தரைதட்டியது. இடுப்பளவு நீர் நிற்கும் அந்தத் தெருக்களில்தான் உயரமான ராணுவ லாரிகள் கைகொடுத்தன. ஒரே நடையில் பின்தொட்டி நிறைய ஆட்களை ஏற்றி வர முடிந்தது.

எம்35ஏ2 எந்தத் தயாரிப்பும் இல்லாமல் 30 அங்குலம், அதாவது சுமார் 76 சென்டிமீட்டர் ஆழ நீரைக் கடக்கும். ஆழ்நீர்க் கருவிகளைப் பொருத்தினால் அது 72 அங்குலமாக, 180 சென்டிமீட்டருக்குச் சற்று மேலாக உயர்கிறது. ஓட்டுநர் இருக்கையில் மார்பளவு நீரில் உட்கார்ந்து ஓட்டுகிற ஆழம் அது. இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் உள்ள ஒரு மீட்டர் எப்படி வந்தது என்பதுதான் தயாரிப்பின் விஞ்ஞானம்.

காற்று எங்கே நுழைகிறது?

நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓடும் 7.8 லிட்டர் என்ஜின் நொடிக்குச் சுமார் 130 லிட்டர் காற்றை இழுக்கிறது. டர்போ இருந்தால் இன்னும் கூடும். அவ்வளவு வேகமாக இழுக்கும் வாய்க்குப் பக்கத்தில் தெறிக்கும் நீர் இருந்தால் காற்றோடு அதுவும் உள்ளே போகும். எனவே காற்று வாயை ஸ்நார்க்கெல் எனப்படும் குழாயால் கேபின் உயரத்துக்குத் தூக்குகிறார்கள்.

குழாயைத் தூக்கியதும் வேலை முடிந்துவிடுவதில்லை. ஏர் ஃபில்டருக்கும் என்ஜினுக்கும் நடுவே ரப்பர் ஹோஸ்களும் கிளாம்புகளும் இருக்கின்றன. உபரி லாரியின் ரப்பருக்கு முப்பது நாற்பது வயது ஆகியிருக்கலாம். வெயிலில் வெடித்த ஹோஸில் ஊசித் துளை ஒன்று இருந்தாலும் சாலையில் அது யாருக்கும் தெரியாது. தண்ணீருக்குள் இறங்கியதும் ஸ்நார்க்கெல் வழியே காற்றும், அந்தத் துளை வழியே தண்ணீரும் போகும்.

இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை உண்டு. என்ஜினை ஐட்லிங்கில் விட்டு, ஸ்நார்க்கெல் வாயை ஒரு தட்டைப் பலகையால் மூடவேண்டும். கையால் மூடக்கூடாது, இழுவை பலமாக இருக்கும். காற்றுப் பாதை முழுக்க இறுக்கமாக இருந்தால் சில நொடிகளில் என்ஜின் திணறி நின்றுவிடும். நிற்காமல் ஓடிக்கொண்டேயிருந்தால் வேறெங்கோ காற்று நுழைகிறது என்று பொருள். காற்று நுழையும் இடத்தில் தண்ணீரும் நுழையும். எங்கே 'உஸ்' என்ற சத்தம் வருகிறது என்று காதை வைத்துத் தேடிப்பிடித்து, அந்த ஹோஸை மாற்றிவிட்டு மறுபடி மூடிப் பார்க்கவேண்டும்.

சைலன்சர் குழாயின் நிலை வேறு. என்ஜின் ஓடும்வரை புகையின் அழுத்தம் தண்ணீரைத் தள்ளிக்கொண்டேயிருக்கும். ஒரு மீட்டர் ஆழ நீர் கொடுக்கும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்குதான். ஓடும் என்ஜினுக்கு அது பொருட்டில்லை. நடுவழியில் என்ஜின் நின்றால்தான் சிக்கல். குழாயில் ஏறும் தண்ணீர் டர்போ வரைக்கும், அதைத் தாண்டியும் போகலாம். அதனால் புகைக்குழாயையும் செங்குத்தாக மேலே கொண்டு போகிறார்கள்.

ஆக்சிலும் மூச்சு விடும்

என்ஜின் காற்றை இழுப்பது எல்லோருக்கும் தெரியும். ஆக்சிலும் கியர் பாக்ஸும்கூடக் காற்றை இழுத்து வெளியே விடுகின்றன என்பது பலருக்குத் தெரியாது.

லாரி நெடுந்தூரம் ஓடினால் ஆக்சில் ஹவுசிங்குக்குள் இருக்கும் ஆயில் சுடும். அதன் மேலுள்ள காற்றும் விரியும். விரிந்த காற்று வெளியேற பிரீதர் என்ற சிறு துளை வைத்திருப்பார்கள். இல்லாவிட்டால் அழுத்தம் கூடி ஆயில் சீல் பிதுங்கிவிடும். 80 டிகிரி செல்சியஸில் இருக்கும் ஹவுசிங் திடீரென்று 30 டிகிரி வெள்ள நீருக்குள் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். துளையை அடைத்து வைத்திருந்தால் அழுத்தம் ஏழில் ஒரு பங்கு குறையும். சுமார் 1.4 மீட்டர் உயர நீர்த்தூண் தரும் அழுத்தத்துக்கு அது சமம். வெளியே இருக்கும் நீரின் ஆழத்தையும் இதோடு கூட்டிக்கொள்ளவேண்டும். ஆயில் சீலின் உதடு உள்ளே இருக்கும் ஆயில் வெளியே வராமல் தடுக்கச் செய்யப்பட்டது. எதிர்ப்பக்கத்திலிருந்து இந்த அழுத்தம் வந்தால் சீல் தண்ணீரை உள்ளே விட்டுவிடும். துளை திறந்திருந்தாலோ சீலைத் தாண்ட வேண்டிய அவசியமே இல்லை, துளை வழியாகவே ஹவுசிங் தண்ணீரைக் குடித்துவிடும்.

துளையை அடைத்தாலும் தப்பு, திறந்து வைத்தாலும் தப்பு. வழி ஒன்றுதான்: துளையில் ஒரு ஹோஸை மாட்டி அதன் மறுமுனையைத் தண்ணீர் எட்டாத உயரத்தில் கட்டிவைப்பது. அப்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கினால் ஆக்சில் வெளிக்காற்றைத்தான் இழுக்கும். கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், பிரேக் மாஸ்டர் சிலிண்டர், டீசல் டேங்க் எல்லாவற்றுக்கும் இதே வைத்தியம்தான். பழைய ராணுவ லாரியில் இந்தக் குழாய்களில் சில அறுந்து தொங்கும், சில காணாமலே போயிருக்கும். ஹோஸ் வழியே மிகக் குறைந்த அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, சீல்களைச் சுற்றி சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தால் கசிகிற இடத்தில் நுரை குமிழியிடும். அழுத்தத்தைக் கூட்டினால் நல்ல சீலும் போய்விடும் என்பதால் 2 அல்லது 3 பி.எஸ்.ஐ.யோடு நிறுத்திக்கொள்ளவேண்டும்.

கிளட்ச் இருக்கும் பெல் ஹவுசிங்கின் அடியில் வேறொரு துளை இருக்கும். கசியும் ஆயில் கிளட்ச் தட்டில் படாமல் கீழே சொட்டுவதற்கான வழி அது. பல ராணுவ வண்டிகளில் நீரைக் கடக்குமுன் இந்தத் துளையில் திருக ஒரு பிளக் உண்டு. வெள்ளத்துக்கு முன் திருகவேண்டும், வெள்ளத்துக்குப் பின் கழற்றவேண்டும். கழற்ற மறந்தால் ஆயில் உள்ளேயே தேங்கி கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கும்.

பழைய என்ஜினின் அனுகூலம்

மின்சார விஷயத்தில் பழைய வண்டி புதியதை முந்துகிறது. பெட்ரோல் என்ஜினின் உயிர் தீப்பொறியில் இருக்கிறது. கம்பியில் ஈரம் பட்டால் நின்றுவிடும். 1944 ஜூனில் நார்மண்டிக் கரையில் இறங்கிய நேசநாட்டு வண்டிகளில் பெரும்பாலானவை பெட்ரோலில் ஓடியவை. ஆங்கிலேயப் படை தன் வண்டிகளுக்குக் கல்நாரும் கிரீஸும் கலந்த '219' என்ற பசையைப் பூசி நீர்புகாமல் மூடியது. தரையேறியதும் ஓட்டுநரின் முதல் வேலைகளில் ஒன்று இந்த மூடல்களைப் பிரித்தெடுப்பது. பிரிக்காமல் ஓட்டினால் என்ஜின் சூடேறிக் கெட்டுவிடும்.

எம்35ஏ2வின் டீசல் என்ஜினில் எரிபொருளைத் தெளிக்கும் பம்ப் முழுக்க இயந்திர விசையால் ஓடுவது. ஸ்டார்ட் ஆனபின் தொடர்ந்து ஓடுவதற்கு மின்சாரம் தேவையில்லை. கம்பி இணைப்புகளும் ரப்பர் உறையிட்ட நீர்புகா ராணுவ வகை. உறை காய்ந்து வெடித்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால் போதும். பிற்கால எல்எம்டிவிகளில் என்ஜினையும் ஆட்டோமேட்டிக் கியரையும் கணினிப் பெட்டிகள் ஆள்கின்றன. அவற்றின் ஒரு முனையில் பச்சைக் களிம்பு ஏறினாலும் வண்டி முரண்டு பிடிக்கும். அதுவும் வெள்ளம் வடிந்து பல நாள் கழித்து.

ரேடியேட்டர் ஃபேனையும் மறக்கக்கூடாது. காற்றுக்கென்று செய்த இறக்கைகள் தண்ணீரில் சுழன்றால் முன்னோக்கி வளைந்து ரேடியேட்டரைக் கிழிக்கும். மிஞ்சிய தண்ணீரை என்ஜின் முழுக்க வாரி இறைக்கும். ஆழமான நீரில் இறங்குமுன் ஃபேன் பெல்ட்டைத் தளர்த்துவது வழக்கம். குறுகிய தூரத்துக்கு வெள்ள நீரே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். கரையேறியதும் பெல்ட்டை மறுபடி இறுக்கவேண்டும்.

நீருக்குள் போகும்போது ஓட்டுநர் செய்யவேண்டியது கொஞ்சம்தான். தாழ்ந்த கியரில், ஒரே சீராக, மெதுவாகப் போகவேண்டும். வண்டி முன்னால் ஓர் அலையைத் தள்ளிக்கொண்டு போகும். அலைக்குப் பின்னால் என்ஜின் இருக்கும் இடத்தில் நீர்மட்டம் சற்றுத் தாழ்ந்திருக்கும். நின்றால் அந்தப் பள்ளம் நிரம்பிவிடும். வேகமெடுத்தால் அலை ஹூட் மேல் ஏறும். போதாததற்குத் தெருவின் இரு பக்கமும் வீடுகளின் கதவிடுக்கில் தண்ணீரை அடித்துத் தள்ளும். நடுநீரில் கிளட்சை மிதித்து கியர் மாற்றுவதும் கூடாது, ஈரமான கிளட்ச் திரும்பப் பிடிக்காமல் போகலாம்.

கரையேறிய பின்

டிரம் பிரேக்கினுள் புகுந்த தண்ணீர் லைனிங்குக்கும் டிரம்முக்கும் இடையே படலமாக நிற்கும். முதல் தடவை மிதிக்கும்போது பிரேக் பிடிக்காது. வண்டியை மெதுவாக ஓட்டியபடியே பிரேக்கை லேசாக மிதித்து வைத்தால் உராய்வுச் சூட்டில் லைனிங் காயும். தண்ணீர் காய்ந்தாலும் சேறு போகாது. டிரம்மைக் கழற்றிக் கழுவாவிட்டால் சேற்றில் உள்ள மணல் லைனிங்கையும் டிரம்மையும் அரம் போல ராவிவிடும்.

அடுத்து ஆக்சில், கியர் பாக்ஸ் ஆயில். இரவு முழுக்க வண்டியை அசைக்காமல் நிறுத்தினால் ஆயிலைவிடக் கனமான தண்ணீர் அடியில் தங்கும். காலையில் வடிகால் பிளக்கை முழுதாகக் கழற்றாமல், சொட்டும் அளவுக்குத் தளர்த்திப் பார்க்கவேண்டும். முதலில் வருவது தெளிந்த ஆயிலா, தண்ணீரா என்பது அங்கேயே தெரிந்துவிடும். நிறுத்தாமல் ஓட்டி வந்த வண்டியில் இரண்டும் கடைந்து பால் நிறமாகியிருக்கும். அதை மொத்தமாக மாற்றுவதைத் தவிர வழியில்லை. வீல் பேரிங்குகளைக் கழற்றிப் புது கிரீஸ் அடைக்கவேண்டும். இத்தனையும் ஒரே ஒரு முறை ஆழத்தில் இறங்கியதற்கான செலவு.

எடை என்னும் மாயை

இதுவரை சொன்னதெல்லாம் தண்ணீர் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளும் வேலை. இவ்வளவையும் ஒழுங்காகச் செய்த லாரி 180 சென்டிமீட்டர் நீரிலும் என்ஜின் நிற்காமல் உறுமும். ஆனால் லாரியைத் தரையோடு பிடித்து வைத்திருப்பது என்ஜின் அல்ல, எடை. அந்த எடையை வெள்ளம் தன் பங்குக்குக் குறைத்துக்கொண்டே போகிறது.

எம்35ஏ2வுக்கு 10 டயர்கள். ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் விட்டம், உள்ளே வெறும் காற்று. ஒரு மீட்டர் நீரில் அந்தப் பத்து டயர்கள் மட்டுமே ஏறத்தாழ ஒரு டன் மிதப்பு விசை தரும். ஹவுசிங்குகள், டீசல் டேங்க், மூழ்கிய இரும்பு எல்லாம் சேர்த்தால் மிதப்பு ஏறத்தாழ 2 டன் என்று மதிப்பிடலாம். ஆறு டன் லாரி தரையை அழுத்துவது 4 டன்னோடுதான். நாம் பார்த்துப் பார்த்து நீர்புகாமல் அடைத்த ஒவ்வொரு பெட்டியும் இந்த மிதப்பைக் கூட்டுகிறது. தண்ணீர் இன்னும் ஏறிப் பின்தொட்டியைத் தொட்டால் நிலைமை மோசம். தொட்டியின் தரை சுமார் 2.4 மீட்டர் அகலமும் 3.7 மீட்டர் நீளமும் கொண்டது. பின்கதவைச் சாத்தி இடைவெளிகளை அடைத்து வைத்திருந்தால், நீர் 10 சென்டிமீட்டர் ஏறும்போதெல்லாம் கிட்டத்தட்ட 900 கிலோ எடை காணாமல் போகும். தொட்டிக்குள் தண்ணீர் ஏறட்டும் என்று விடுவதே தரையைப் பிடித்து நிற்க வழி.

நீர் ஓடாமல் நின்றால் 4 டன் தாராளம். ஓடினால் கணக்கு மாறுகிறது. ஓடும் நீர் பக்கவாட்டில் தள்ளும் விசை வேகத்தின் இருமடியில் ஏறும். 6.7 மீட்டர் நீள லாரி ஒரு மீட்டர் ஆழத்தில் நிற்கும்போது நீரை எதிர்கொள்ளும் பக்கப் பரப்பை 4 சதுர மீட்டர் என்று கொள்வோம். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில், அதாவது சாவகாசமாக நடக்கிற வேகத்தில், தள்ளுவிசை 200 கிலோ எடைக்குச் சமம். இரண்டு மீட்டரில் 800 கிலோ. மூன்று மீட்டரில் 1,800 கிலோ. எதிர்ப்பக்கத்தில் இருப்பது டயரின் உராய்வு மட்டும். வண்டல் படிந்த சாலையில் எடையின் 30 முதல் 40 சதவீதம் உராய்வு கிடைத்தால் பெரிது. 4 டன்னில் அது 1,200 முதல் 1,600 கிலோ. ஆக நொடிக்கு மூன்று மீட்டர் வேகத்தில் ஓடும் ஒரு மீட்டர் ஆழ நீரில், குறையே இல்லாமல் ஓடும் என்ஜினோடு அந்த லாரி பக்கவாட்டில் அடித்துச் செல்லப்படும். சாலையின் அடிமண்ணை வெள்ளம் அரித்துவிட்டிருந்தால் இவ்வளவு வேகம்கூடத் தேவைப்படாது.

இது காகிதக் கணக்கு மட்டுமல்ல. 2016 ஜூன் 2 அன்று டெக்சாஸின் ஃபோர்ட் ஹூட் ராணுவத் தளத்தில் பயிற்சிக்குச் சென்ற எல்எம்டிவி லாரி ஒன்று, மழையில் பெருகிய அவுல் க்ரீக் ஓடையின் தரைமட்டக் கடவையில் வெள்ளத்தால் அடித்துச் செல்லப்பட்டுக் கவிழ்ந்தது. உள்ளே 12 பேர் இருந்தனர். எட்டு வீரர்களும் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரி மாணவர் ஒருவருமாக 9 பேர் இறந்தார்கள், மூவர் தப்பினார்கள். அது ஏலத்தில் எடுத்துத் தட்டிக்கொட்டிச் சரிசெய்த வண்டியல்ல. நீரைக் கடக்கவும் முடியும்படி வடிவமைத்து ராணுவமே பராமரித்து ஓட்டியது.

இரண்டு எல்லைகள்

ஸ்நார்க்கெல் பொருத்தும் ஒவ்வொருவரும் தெரிந்தோ தெரியாமலோ ஒரு காரியம் செய்கிறார்கள். சாதாரணக் காரில் என்ஜினின் எல்லையும் எடையின் எல்லையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டடி ஓடும் நீர் பெரும்பாலான வாகனங்களைத் தூக்கிவிடும் என்று அமெரிக்க வானிலைச் சேவை எச்சரிக்கிறது. அந்த ஆழத்தில் பல கார்களின் என்ஜினும் இருமி நின்றுவிடும். ஸ்நார்க்கெல் போட்ட லாரியில் என்ஜினின் எல்லை ஒரு மீட்டர் மேலே போய்விட்டது, எடையின் எல்லை இருந்த இடத்திலேயே இருக்கிறது. முன்பு என்ஜின் நின்று ஓட்டுநரை எச்சரித்த ஆழத்தை இப்போது அவர் எச்சரிக்கை எதுவும் இல்லாமல் தாண்டிப் போகிறார்.

எனவே தயாரிப்பின் கடைசி வேலையை ஸ்பேனரால் செய்ய முடியாது, பெயிண்ட்டால் செய்யலாம். கதவுக்குப் பக்கத்தில், ஓட்டுநர் எட்டிப் பார்த்தால் தெரியும் இடத்தில் இரண்டு கோடுகள் போடவேண்டும். மேல் கோடு தேங்கி நிற்கும் நீருக்கு: அது பின்தொட்டியின் அடித்தரைக்குக் கீழே இருக்கட்டும், ஸ்நார்க்கெல் எவ்வளவு உயரமாக இருந்தாலும் சரி. கீழ்க்கோடு ஓடும் நீருக்கு: சக்கரத்தின் மையத்துக்கு மேல் அதைப் போட வேண்டாம். நீர் ஓடுகிறதா நிற்கிறதா என்று அறிய ஒரு குச்சியைத் தூக்கிப் போட்டால் போதும். அது மனிதன் நடக்கும் வேகத்தைவிட விரைவாகப் போனால் எந்தக் கோட்டையும் பார்க்கத் தேவையில்லை. லாரியைத் திருப்பிவிட்டுப் படகுக்குச் சொல்லி அனுப்பவேண்டியதுதான்.